மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்ன டாக்டர் அட்கின்ஸ்: எது நிரூபணமானது, எது ஆகவில்லை?

நம் சமுதாயத்தில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாப்பாவுக்கு மாத்திரை, உம்மாவுக்கு இன்சுலின், வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுக்கு முப்பத்தைந்து வயதிலேயே 'எல்லைக் கோட்டில் இருக்கிறது' என்ற எச்சரிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள் என்றும், மேலும் 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் முன்நிலையில் இருக்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது.

இந்தக் கவலைக்கு விடையாக 'கீட்டோ', 'பேலியோ' என்ற பெயர்கள் சில ஆண்டுகளாக வாட்ஸ்அப் குழுக்களிலும் திருமண விருந்துகளிலும் அடிபடுகின்றன. ஒருவர், "சோற்றை விட்டேன், சர்க்கரை இறங்கிவிட்டது" என்கிறார். இன்னொருவர், "இறைச்சியும் நெய்யும் தின்றால் இதயம் நின்றுவிடும்" என்கிறார். இரு தரப்பும் உறுதியாகப் பேசுவதால், இடையில் இருக்கும் குடும்பத்தார் குழம்பிப் போகிறார்கள்.

இந்த விவாதம் புதிதல்ல. இதை உலகம் முழுவதும் கொண்டுசென்ற மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ராபர்ட் அட்கின்ஸ். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவம் பார்த்த இதயநோய் மருத்துவர். அவர் சொன்னவற்றில் எது காலத்தின் சோதனையில் நின்றது, எது நிற்கவில்லை, அதிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

அட்கின்ஸுக்கு முன்பே

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையை அட்கின்ஸ் கண்டுபிடிக்கவில்லை. லண்டனில் இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் தொழில் செய்த வில்லியம் பான்டிங் என்பவர், மிகுந்த பருமனால் அவதிப்பட்டார். வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரின் யோசனைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒதுக்கி எடையைக் குறைத்தார். தன் அனுபவத்தை 1863-இல் சிறு நூலாக வெளியிட்டார். அது பெரும் வரவேற்பைப் பெற்றது.

'கீட்டோ' என்ற பெயர் வேறொரு நோயிலிருந்து வந்தது. வலிப்பு நோயாளிகள் பட்டினி கிடக்கும்போது வலிப்பு குறைவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். எத்தனை நாள்தான் ஒரு குழந்தையைப் பட்டினி போட முடியும்? பட்டினியின் போது உடலில் நிகழும் மாற்றத்தை உணவின் மூலமாகவே கொண்டுவரலாம் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டாக்டர் ரசல் வைல்டர் 1921-இல் முன்வைத்தார். கொழுப்பு மிக அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு என்ற அந்த உணவுக்கு 'கீட்டோஜெனிக்' என்று பெயரிட்டார். கீட்டோ உணவு பிறந்தது மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு, அந்தக் கண்காணிப்பு விடுபட்டதே காரணம்.

இதயநோய் மருத்துவர் எழுத்தாளரான கதை

ராபர்ட் அட்கின்ஸ் 1930 அக்டோபர் 17 அன்று ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1955-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் படிப்பை முடித்தார். இதயநோய் பிரிவில் பயிற்சி பெற்று, நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் சொந்தமாக மருத்துவமனை தொடங்கினார்.

முப்பது வயதைக் கடந்தபோது அவருக்கே உடல் பருத்துவிட்டது. பசியைத் தாங்க முடியாத தன்னால் கலோரியை எண்ணிச் சாப்பிடும் உணவுமுறையைப் பின்பற்ற முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1963-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை ஒன்று அவர் கண்ணில் பட்டது. பருமனுக்கு மாவுச்சத்தைக் குறைத்துச் சிகிச்சை தருவது பற்றிய கட்டுரை அது. அதைத் தன் மீதே சோதித்துப் பார்த்தார். பசி வாட்டாமலேயே எடை குறைந்தது.

பிறகு ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் அலுவலர்கள் 65 பேருக்கு அதே முறையைப் பரிந்துரைத்தார். ஏறக்குறைய அனைவருமே தாங்கள் விரும்பிய எடையை எட்டினார்கள் என்று அவர் தெரிவித்தார். 1965-இல் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தோன்றினார். 1970-இல் 'வோக்' பத்திரிகை அவருடைய உணவுமுறையை வெளியிட்டது. சில காலம் அதை 'வோக் உணவுமுறை' என்றே அழைத்தார்கள்.

1972-இல் 'டாக்டர் அட்கின்ஸின் உணவுப் புரட்சி' என்ற நூல் வெளிவந்தது. குறுகிய காலத்திலேயே பத்து லட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றன. மன்ஹாட்டன் மருத்துவர் ஒரே ஆண்டில் நாடறிந்தவர் ஆனார்.

அந்த உணவுமுறை என்ன சொல்கிறது?

அட்கின்ஸ் முறை நான்கு கட்டங்களைக் கொண்டது. முதல் கட்டம் குறைந்தது இரண்டு வாரம். அப்போது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து மட்டுமே அனுமதி. ஒரு கப் சோற்றில் மட்டும் சுமார் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்றால் இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடுமையானது என்று புரியும். அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு, பழம், பால் எதுவும் கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை வயிறு நிறையும் வரை சாப்பிடலாம். கீரையும் பச்சைக் காய்களும் அளவோடு உண்டு.

அடுத்த கட்டங்களில் வாரந்தோறும் சிறிது சிறிதாக மாவுச்சத்தைக் கூட்ட வேண்டும். எந்த அளவில் எடை குறைவது நிற்கிறதோ, எந்த அளவில் கூடாமல் இருக்கிறதோ, அதை அவரவர் தாமே கண்டறிந்து வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க வேண்டும். 'அட்கின்ஸ் என்றால் இறைச்சி மட்டும்' என்று பலரும் நினைப்பதற்குக் காரணம், முதல் கட்டத்தோடு நின்றுவிடுவதுதான்.

உடலுக்குள் நடப்பது இதுதான். நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதைச் செல்களுக்குள் சேர்ப்பதும், மீதியைக் கொழுப்பாகச் சேமிக்கத் துணைபுரிவதும் இன்சுலின். மாவுச்சத்து மிகவும் குறைந்துபோனால் இன்சுலினும் குறைகிறது. கல்லீரல் கொழுப்பை எடுத்துக் 'கீட்டோன்' என்ற பொருளாக மாற்றுகிறது. மூளை உட்பட உடல் உறுப்புகள் அதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. இந்த நிலைக்குத்தான் 'கீட்டோசிஸ்' என்று பெயர்.

முதல் வாரத்தில் மூன்று நான்கு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். கல்லீரலும் தசைகளும் சில நூறு கிராம் சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பு கரையும்போது நீரும் வெளியேறுகிறது. எனவே தொடக்கத்தில் குறைவதில் பெரும்பகுதி நீர்தான். கொழுப்பு அதற்குப் பிறகுதான் மெல்லக் குறையும்.

1973: மருத்துவ உலகின் எதிர்ப்பு

புத்தகம் வந்த மறுஆண்டே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் உணவு, ஊட்டச்சத்துக் குழு கடுமையான விமர்சன அறிக்கை வெளியிட்டது. அட்கின்ஸின் கோட்பாட்டுக்கு அறிவியல் அடிப்படை போதாது, நிறைகொழுப்பும் கொலஸ்ட்ராலும் மிகுந்த உணவு இதயத்துக்குக் கேடாக முடியலாம், கலோரியைப் பற்றிக் கவலைப்படாமல் உண்ணலாம் என்று சொல்வது தவறு என்பவை அதன் முக்கிய வாதங்கள். அதே 1973 ஏப்ரலில், ஊட்டச்சத்து குறித்து விசாரித்த அமெரிக்க செனட் குழுவின் முன்னும் அட்கின்ஸ் பதில் சொல்ல வேண்டி வந்தது. செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் தலைமையில் இயங்கிய குழு அது.

இந்த எதிர்ப்பில் நியாயம் இருந்ததா? ஒரு பகுதியில் இருந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகள் தன்னிடம் குணமடைந்ததாக அட்கின்ஸ் சொன்னார். ஆனால் அவர்களில் எத்தனை பேர் இடையில் விட்டுவிட்டார்கள், எத்தனை பேருக்கு எடை திரும்ப ஏறியது, வேறு உணவுமுறையில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் ஒப்பிடும் முறையான ஆய்வு எதையும் அவர் தன் மருத்துவமனையிலிருந்து வெளியிடவில்லை. குணமடைந்தவர் திரும்பி வந்து நன்றி சொல்வார். குணமடையாதவர் வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுவார். தன் கண் முன்னால் நிற்பவர்களை மட்டும் எண்ணும் மருத்துவருக்கு எந்தச் சிகிச்சையும் வெற்றியாகவே தெரியும்.

எதிர்த்தவர்களிடமும் குறை இருந்தது. அட்கின்ஸின் முறை இதயத்தைக் கெடுக்கும் என்று சொன்னவர்களும் அதை நீண்ட கால ஆய்வில் நிரூபித்திருக்கவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வியை, இரு தரப்பும் வாதத்தால் தீர்க்கப் பார்த்தன. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

மீண்டும் எழுச்சி

1977-இல் மெக்கவர்ன் குழு, கொழுப்பைக் குறைத்துத் தானியங்களைக் கூட்டும்படி அமெரிக்கர்களுக்குப் பரிந்துரைத்தது. 1992-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட 'உணவுப் பிரமிடு', ரொட்டி, அரிசி, பாஸ்தா போன்றவற்றை நாளொன்றுக்கு 6 முதல் 11 பரிமாறல் வரை உண்ணச் சொன்னது. அதே 1992-இல்தான் அட்கின்ஸ் தன் நூலைப் புதுப்பித்து மீண்டும் வெளியிட்டார். அது ஆண்டுக்கணக்கில் விற்பனைப் பட்டியலில் நின்றது. கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றன.

காரணம் எளிது. கொழுப்பு குறைந்தது என்ற பெயரில் சர்க்கரை மிகுந்த பிஸ்கட்டுகளும் பானங்களும் கடைகளை நிரப்பியிருந்தன. அமெரிக்கர்களின் இடுப்புச் சுற்றளவோ ஏறிக்கொண்டே போனது. சொன்னதைச் செய்தும் பலன் இல்லாதவர்கள், மாற்றிச் சொன்னவரிடம் போனார்கள்.

1989-இல் அட்கின்ஸ் தொடங்கிய நிறுவனம் ஊட்டச்சத்து மாத்திரைகளையும், பின்னர் மாவுச்சத்து குறைந்த பார்களையும் பானங்களையும் விற்றது. தன் உணவுமுறையைப் பரிந்துரைக்கும் மருத்துவரே அதற்கான பொருள்களையும் விற்றார். இது அவர் மீதான நம்பகத்தன்மையைக் குறைத்தது. மாற்று மருத்துவத்தின் மீதும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. ஓசோன் வாயுச் சிகிச்சை தொடர்பான புகாரில் 1993-இல் நியூயார்க் மாநிலம் அவருடைய மருத்துவ உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. சில நாள்களிலேயே உரிமம் திரும்பக் கிடைத்தது. உணவு விஷயத்தில் ஓரளவு சரியாகச் சொன்னவர் எல்லா விஷயத்திலும் சரியாகச் சொல்வார் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இந்நிகழ்வு ஒரு சான்று.

இறுதியில் நடந்த சோதனைகள்

டியூக் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எரிக் வெஸ்ட்மன், தன் நோயாளிகள் சிலர் அட்கின்ஸ் முறையில் எடை குறைந்து வந்ததைக் கண்டு வியந்தார். அட்கின்ஸைத் தொடர்பு கொண்டு, அவருடைய மருத்துவமனைக்கே சென்று நேரில் பார்த்தார். அட்கின்ஸ் தரப்பின் நிதியுதவியுடன் அவர் நடத்திய சிறிய ஆய்வு 2002-இல் வெளியானது. நிதி யாருடையது என்பதால் இதை ஐயத்துடன் பார்த்தவர்கள் உண்டு.

2003 மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்றில் கடுமையான பருமன் கொண்ட 132 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாதத்தில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.8 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 1.9 கிலோவும் இழந்தார்கள். 63 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வில், ஆறு மாதம் வரை அட்கின்ஸ் முறை முன்னிலையில் இருந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு மாவுச்சத்தைக் குறைத்தவர்களிடம் நன்றாகவே இறங்கியது.

2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 311 பெண்களை நான்கு உணவுமுறைகளில் ஓராண்டு பின்தொடர்ந்தது. அட்கின்ஸ் முறையில் இருந்தவர்கள் சராசரியாக 4.7 கிலோ குறைந்தார்கள். மற்ற மூன்று முறைகளிலும் அதைவிடக் குறைவே. அதே பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் 609 பேர் பங்கேற்றார்கள். இரு தரப்பினரும் சர்க்கரையையும் மைதாவையும் ஒதுக்கி, வீட்டில் சமைத்த நல்ல உணவை உண்டார்கள். ஓராண்டு முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். இந்த வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்கது அல்ல.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகும் உண்மை இது: மாவுச்சத்தைக் குறைப்பது பயனுள்ள வழி, முதல் மாதங்களில் மற்றவற்றைவிட வேகமான வழி. ஆனால் அது மந்திரம் அல்ல. எந்த உணவுமுறையானாலும், அதில் எத்தனை காலம் நிலைத்திருக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அட்கின்ஸ் சொன்ன அளவு பெரியதும் அல்ல, அவருடைய எதிரிகள் சொன்ன அளவு ஆபத்தானதும் அல்ல.

மரணமும் வதந்தியும்

அட்கின்ஸ் இந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றைப் பார்க்கவில்லை. 2002 ஏப்ரலில் அவருக்கு இதயத் துடிப்பு நின்று, சிகிச்சையால் உயிர் பிழைத்தார். இது இதயத்தசை நோயால் வந்தது, உணவால் அல்ல என்று அவர் தரப்பு விளக்கியது. 2003 ஏப்ரல் 8 அன்று தன் அலுவலகத்துக்கு வெளியே பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்தார். தலையில் பலத்த காயம். ஏப்ரல் 17 அன்று, தமது 72-ஆம் வயதில் இறந்தார்.

அடுத்த ஆண்டு, இரகசியமாக இருக்க வேண்டிய அவருடைய மரண ஆவணங்கள் உணவுமுறையை எதிர்த்தவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்து, பத்திரிகையில் வெளியாயின. இறக்கும்போது அவர் எடை 117 கிலோ என்று அதில் இருந்தது. 'பருமனுக்கு மருந்து சொன்னவரே பருமனால் இறந்தார்' என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவர் எடை சுமார் 88 கிலோதான் என்றும், நினைவிழந்து கிடந்த நாள்களில் உடலில் நீர் கோத்ததே எடை கூடக் காரணம் என்றும் அவர் தரப்பு சொன்னது. அவர் இறந்தது தலைக்காயத்தால் என்பதே மரணச் சான்றிதழில் உள்ள விவரம்.

இன்றும் இந்தச் செய்தி தமிழில் சுற்றுகிறது. ஒரு கருத்தை மறுக்க ஆய்வு இருக்கும்போது, இறந்தவரின் உடலை ஆதாரமாகக் காட்டுவது நேர்மையல்ல. செய்தி நமக்குப் பிடித்தமானதாக இருந்தாலும், விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம்.

அவர் மறைவுக்குப் பின் அவருடைய நிறுவனம் உச்சத்தைத் தொட்டது. மாவுச்சத்து குறைந்த பொருள்களுக்கான மோகம் வந்த வேகத்திலேயே வடிந்தது. 2005-இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. பின்னர் மீண்டது.

அவர் விட்டுச் சென்றது

அட்கின்ஸின் பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்ட இடம் அவரே எதிர்பார்க்காதது. 'திருத்தப்பட்ட அட்கின்ஸ் உணவு' என்ற பெயரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வலிப்பு நோய்க்கு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். பழைய கீட்டோ உணவைவிடக் குடும்பங்கள் கடைப்பிடிக்க எளிதானது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ள குழந்தைகளிடம் புது டில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் இதை ஆய்வு செய்து, பலன் இருப்பதாகக் கண்டது.

சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, 2019-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அறிக்கை, மாவுச்சத்தைக் குறைப்பது இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வலுவான ஆதாரம் கொண்ட வழி என்று ஏற்றுக்கொண்டது. 1973-இல் நினைத்தும் பார்க்க முடியாத மாற்றம் இது. இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரைச் சேர்ந்த குடும்ப மருத்துவர் டேவிட் அன்வின், எந்த உணவு எத்தனை தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமமாக இரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று படம் போட்டு நோயாளிகளுக்கு விளக்கினார். 150 கிராம் வெந்த சோறு ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமம் என்பது அந்தப் படங்களில் ஒன்று. அட்கின்ஸ் செய்யத் தவறியதை இவர் செய்தார். தன் நோயாளிகளின் அளவுகளைக் குறித்து வைத்து, ஆய்விதழ்களில் வெளியிட்டு வருகிறார்.

நமக்கு மிக அருகிலும் ஆய்வு உண்டு. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், இந்தியாவெங்கும் 18,090 பேரின் உணவுத் தரவுகளை அலசி 2022-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்கள் அது தணிய, தினசரி ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு 49 முதல் 54 சதவீதமாக இறங்க வேண்டும், புரதம் 20 சதவீதத்தை ஒட்டி உயர வேண்டும் என்பது அதன் சாரம். இது அட்கின்ஸின் 20 கிராம் அல்ல. தட்டில் சோற்றுக் குவியலைக் குறைத்து, மீன், முட்டை, பருப்பு, காய்கறியைக் கூட்டினாலே எட்டக்கூடிய அளவு. நம் உணவில் இருப்பதிலேயே எளிதான மாற்றம் இதுதான்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருபோதும் கீட்டோ தொடங்கக் கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டே சோற்றை நிறுத்தினால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து உண்டு. இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய இயல்பாகக் காட்டும்போதே கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலத்தன்மை அடையலாம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.

முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தாமாகக் கீட்டோ தொடங்கக் கூடாது. சிலருக்கு இந்த உணவில் கெட்ட கொலஸ்ட்ரால் கணிசமாக ஏறுகிறது. எனவே தொடங்கும் முன்பும், மூன்று மாதம் கழித்தும் இரத்தப் பரிசோதனை அவசியம்.

ரமளானில் கூடுதல் கவனம் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். நோன்பு நேரத்தில் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மறுப்பது பக்தி ஆகாது. ரமளானின் முதல் நாளில் கீட்டோவையும் சேர்த்துத் தொடங்குவது இரட்டைச் சுமை. அதைத் தவிர்க்க வேண்டும்.

கீட்டோ என்று இல்லாமல், இஃப்தார் தட்டைச் சற்று மாற்றினாலே போதும். பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, கஞ்சியை ஒரு கோப்பையோடு நிறுத்தலாம். சம்சா, வாடா, ரோஸ்மில்க் மூன்றும் ஒன்றாக வேண்டாம். ஸஹரில் முட்டையோ மீன் ஆணமோ சேர்த்தால் பசி தாங்கும். விருந்தில் பிரியாணியின் சோற்றைக் குறைத்து இறைச்சியையும் தயிர்ப் பச்சடியையும் எடுத்துக்கொள்ளலாம். பிரியாணி, வட்டலப்பம், குளிர்பானம் என்று மூன்று மாவுச்சத்து ஒரே வேளையில் சேர்வதுதான் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது.

ஹலால் விஷயத்திலும் கவனம் தேவை. அட்கின்ஸ் நூல்களின் உணவுப் பட்டியலில் பன்றி இறைச்சி சாதாரணமாக இடம்பெறும். இணையத்தில் கிடைக்கும் மேலைநாட்டுக் கீட்டோ பட்டியல்களும் அப்படியே. அவற்றுக்குப் பதில் மீன், கோழி, ஆட்டிறைச்சி, முட்டை போதும். விலை உயர்ந்த கீட்டோ பார்களும் மாத்திரைக் குப்பிகளும் தேவையில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் அதில் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்து வாங்க வேண்டும்.

நிறைவாக

டாக்டர் அட்கின்ஸ் ஒரு நல்ல கேள்வியை எழுப்பினார். மருத்துவ உலகம் கேட்க மறுத்தபோதும் பின்வாங்கவில்லை. அந்த உறுதி பாராட்டத்தக்கது. ஆனால் விடையை நிரூபிக்கும் பொறுப்பை அவர் மற்றவர்களிடம் விட்டுவிட்டார். அவர்கள் சோதித்துப் பார்த்தபோது பாதி உண்மையாகவும் பாதி மிகையாகவும் இருந்தது. புதிதாக எந்த உணவுமுறையைப் பற்றி யார் சொன்னாலும், 'எத்தனை பேருக்குக் குணமானது?' என்பதோடு நிற்காமல், 'எத்தனை பேருக்கு ஆகவில்லை? எத்தனை காலம் கவனித்தீர்கள்? இதனால் உங்களுக்கு என்ன லாபம்?' என்றும் கேட்க நாம் பழக வேண்டும்.

வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்காகக் காலியாக விடும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி நமக்கு உண்டு. அதற்கு எந்த நிறுவனத்தின் பாரும் வேண்டியதில்லை. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் விஷயத்தில் வாட்ஸ்அப் செய்தியை அல்ல, பரிசோதனை அறிக்கையையும் நம்மை நன்கறிந்த மருத்துவரையும் துணையாகக் கொள்வோம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.